புதுப்பிப்பு: வீட்டுக்காரர் கையெழுத்து விவகாரம்

கடலூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில, ஏழு வாரக் கருவைக் கலைக்க வீட்டுக்காரர் கையெழுத்து கேட்டுத் திருப்பி அனுப்பினாங்கன்னு போன வாரம் புலம்பியிருந்தேனே (அவரு மஸ்கட்ல இருக்காரு), அது முடிஞ்சிடுச்சு.

அண்ணியோட பஸ் ஏறி பாண்டிச்சேரி போனேன். அங்க டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துட்டு, படிவத்தை என் பக்கம் தள்ளி, நூல்ல கட்டின பேனாவைக் கொடுத்தாங்க. "வேற யாரும் போட வேணாமா?"ன்னு கேட்டேன். "உனக்கு 18 தாண்டியாச்சுல்ல? 1971 கருக்கலைப்புச் சட்டத்துலயே உன் சம்மதம் போதும். 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் பார்த்தா போதும்னு 2021ல திருத்தமும் வந்தாச்சு."

அன்னிக்கே ஒரு மாத்திரை, ரெண்டு நாள் கழிச்சு மீதி. வயித்துவலி கொஞ்ச நஞ்சமில்ல, அதை மறைக்க மாட்டேன்.

திரும்பி வர்றப்போ அண்ணி மெதுவா சொன்னாங்க: "எனக்குக் கருத்தடைக்குக் காப்பர் டி போடவே உங்கண்ணன் கையெழுத்து கேட்டாங்கடி. நானும் வாங்கிக் கொடுத்தேன்."