டிபியில் பூப்படம் வைத்தால் போதுமா?

நடவாள் மகள்:
நேற்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இணையப் பாதுகாப்புக் கூட்டம். பேச வந்தவர் மகளிர் குழுப் பெண்களிடம், "டிபியில் முகத்தை வைக்காதீங்க, ஒரு பூப்படம் வைங்க, பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்" என்றார். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

போன குறுவையில் என் அம்மா புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். ரோட்டோரம் பைக்கை நிறுத்தி எவனோ வீடியோ எடுத்தான். குனிந்திருந்த பெண்களின் பின்பக்கத்தை மட்டும் பெரிதாக்கி, ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்து ரீல்ஸ் போட்டான். கீழே எங்கள் தெருவையும் சாதியையும் சொல்லி எழுதியிருந்ததை இங்கே எழுதக் கை வரவில்லை. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அவர் எந்த டிபியில் பூ வைப்பார்?

குடமுருட்டி:
அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அவர் "பாதி" என்றுதான் சொன்னார். என் தங்கச்சி மகள் கும்பகோணத்தில் காலேஜ் படிக்கிறாள். டிபியில் இருந்த அவள் முகத்தை எடுத்துத்தான் ஒருத்தன் போலிக் கணக்குத் தொடங்கினான். பூ இருந்திருந்தால் நடந்திருக்குமா?

வெண்ணாறு:
நான் திருநங்கை. என் டிபியில் மூன்று வருசமாகச் செம்பருத்திதான். ஆனாலும் ராத்திரி 11 மணிக்கு மேல் இன்பாக்ஸைத் திறக்க முடியாது. பூ என்னைக் காப்பாற்றவில்லை அண்ணே. 2019-ல் எங்களுக்கென்று சட்டம் வந்தபோது, பாலியல் கொடுமைக்கே 6 மாதம் முதல் 2 வருடம் என்று எழுதினார்கள். ஒரு பெண்ணை இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தால் முதல் தடவைக்கே 3 வருடம் வரை உண்டு. எங்கள் உடம்பு என்ன மட்டமா?

டெல்டாக்காரன்:
வயல் பொது இடம். நானும் நடவு வீடியோ போடுகிறேன், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பார்த்துக் கண்கலங்குகிறார்கள். ஒருத்தன் செய்ததற்காக எல்லார் செல்போனையும் பிடுங்குவீர்களா? அப்புறம், இப்போது யார் கையால் நடுகிறார்கள்? எங்கள் பக்கம் முழுக்க மிஷின்தான்.

நடவாள் மகள்:
ஸ்டேஷனிலும் இதையேதான் சொன்னார்கள், "வயல்தானேம்மா, ரூம் இல்லையே" என்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு ரூமா வயலா என்று கேட்கவில்லை. காமத்தைத் தூண்டும்படி ஆபாசமாகப் போட்டால் முதல் தடவைக்கு 3 வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். சாதியைச் சொல்லித் திட்டியதற்கு 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இணையத்தில் திட்டினாலும் அது பொதுப்பார்வையில் திட்டியதுதான் என்று 2022-ல் கேரள உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கை டிஎஸ்பி தகுதியில் உள்ளவர்தான் விசாரிக்க வேண்டும்.

ஆப்பில் புகார் செய்தேன். நிர்வாணப் படம், மார்பிங் படம் என்றால் பாதிக்கப்பட்டவர் சொன்ன 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021 விதி வந்தது. எங்களுக்கு வந்த பதில், "விதிமீறல் இல்லை". துணி உடுத்தியிருக்கிறார்களாம்! லிங்க், தேதி, கமெண்ட் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். இதில் ஒரு வரியாவது அந்தக் கூட்டத்தில் சொன்னார்களா? பூ, பூ, பூ.

குடமுருட்டி:
சட்டம் பேசிக்கொண்டே இருங்கள். முன்னெச்சரிக்கை என்று ஒன்று இருக்கிறது. பாதி என்றால் பாதிதான்.

வெண்ணாறு:
அந்த மீதிப் பாதியில்தான் அண்ணே நாங்கள் எல்லாரும் இருக்கிறோம்.

டெல்டாக்காரன்:
இந்த நடவாள் மகள் போன வருசம் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான், தனக்கு மட்டுமே எல்லாம் தெரியும் என்று நின்றார். நான் மறக்கவில்லை. நீங்கள் சொல்லும் ஊரில் கை நடவே கிடையாது.

பாமணி:
யார் சொன்னது? மன்னார்குடிப் பக்கம் வந்து பாருங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளக்கால் வயலில் மிஷின் இறங்குமா? சேற்றில் புதைந்தால் டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும்.

டெல்டாக்காரன்:
வடிகால் வெட்டத் தெரியாதவர்கள் மிஷினைக் குறை சொல்லக் கூடாது.

நடவாள் மகள்:
மிஷினை விடுங்கள். நீங்கள் எடுக்கிற வீடியோவில் இருக்கும் பெண்களிடம் ஒரு தடவையாவது "எடுக்கட்டுமா" என்று கேட்டிருக்கிறீர்களா?

டெல்டாக்காரன்:
கையைத்தான் எடுக்கிறேன், நாற்றைத்தான் எடுக்கிறேன். முகம் வராது.

நடவாள் மகள்:
அம்மா வீடியோவிலும் முகம் வரவில்லை. நீலப்புடவையையும் இடுப்பில் தொங்கிய சுருக்குப்பையையும் பார்த்தே ஊருக்கு யார் என்று தெரிந்துவிட்டது. இப்போது ரோட்டோர வயல் என்றால் அம்மா நடவுக்கு வருவதில்லை. உள்வயலில் வேலை இருந்தால் போகிறார், இல்லையென்றால் அன்றைய கூலி போச்சு. கேட்டீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

குடமுருட்டி:
அவர் "பாதி" என்று சொன்னதற்கு இவ்வளவு பெரிய சண்டையா?

டெல்டாக்காரன்:
பாமணி, அந்தப் பள்ளக்கால் எந்த வாய்க்கால் பாசனம்? அதை முதலில் சொல்லுங்கள்.