மறு: பச்சைத்துருவா, பசுந்துருவா?

> இரும்புப் பாசி என்றே வைத்துவிடலாமே. நிறமும் ஈரமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

வணக்கம் ஐயா. இரும்புத் துரு முற்றுமுன் தோன்றும் பச்சைச் சேர்மத்துக்கு (green rust) நாம் தமிழ்ப் பெயர் தேடும்போது, இரும்புப் பாசி என்று நீங்கள் சொன்னதைப் படித்தேன்.

சொல் அழகுதான். ஆனால் பாசி என்றதும் படிப்பவர் மனம் உயிருள்ள ஒன்றிடம் போய்விடும். இரும்பை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் வேறு இருக்கின்றன; குழப்பம் நிச்சயம்.

நேற்று அன்னபேதியை (ஃபெரஸ் சல்பேட்) நீரில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். அழுக்குப் பச்சையில் கூழ்போல் வீழ்படிவு இறங்கியது. சற்று நேரத்தில் காற்றுப் பட்ட மேல்விளிம்பு பழுப்பேறிவிட்டது. அடிப்பகுதி மட்டும் பச்சையாகவே நின்றது.

அந்தப் பச்சையை ஃபெரஸ் ஹைட்ராக்சைடின் நிறம் என்று நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். காற்றை அறவே விலக்கிச் செய்தால் அது வெள்ளையாகவே விழும். ஆக்சிஜன் கொஞ்சம் தீண்டியதும் ஃபெரஸ் இரும்பு அயனிகளில் ஒரு பகுதி இன்னும் ஓர் எலக்ட்ரானை இழந்து ஃபெரிக்காக மாறுகிறது. அதனால் ஹைட்ராக்சைடு அடுக்குகளில் நேர்மின்னேற்றம் மிகுகிறது. அதை ஈடுகட்டக் குளோரைடோ சல்பேட்டோ கார்பனேட்டோ நீரோடு சேர்ந்து அடுக்குகளின் இடையே புகுந்துகொள்கிறது. நாம் பெயர் தேடுவது இந்தக் கலப்புச் சேர்மத்துக்குத்தான். வெள்ளைப் பொருளுக்கும் இதே பெயரைச் சூட்டிவிடக் கூடாது.

என் ஓட்டு பசுந்துருவுக்கு. பசுந்தாள் உரம் போல நாவில் எளிதாக உட்காரும். பச்சைத்துரு என்றால் நிறத்தோடு நின்றுவிடும்; பசுமையிலோ இளமையும் இருக்கிறது. இந்தச் சேர்மமும் முற்றாத துருதானே? காற்றில் விட்டால் செம்பழுப்புத் துருவாக முற்றிவிடுகிறது.

செம்பின் பச்சையோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். குழம்பாது. செம்பில் ஏறுவது களிம்பு, இரும்பில் ஏறுவது துரு. சைவ சித்தாந்தம் ஆணவத்துக்கு உவமை சொல்வதும் செம்பிற் களிம்பைத்தான்.

வகைகளை குளோரைடுப் பசுந்துரு, சல்பேட்டுப் பசுந்துரு, கார்பனேட்டுப் பசுந்துரு என்று பிரிக்கலாம். நீர் தேங்கிய மண்ணுக்கு நீலப்பச்சை தரும் ஃபூஜெரைட் கனிமமும் இக்குடும்பம்தான். அது பிரான்சின் பிரிட்டனி பகுதியிலுள்ள ஒரு காட்டின் பெயரால் வந்தது. இடப்பெயரை மொழிபெயர்க்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அடுத்து, precipitate என்பதற்கு 'வீழ்படிவு' வேண்டுமா, 'படிவு' போதுமா என்ற பழைய சண்டை பாக்கி இருக்கிறது.