லைட் டியூட்டி கிளீனர் வேலைக்குப் போனால் கனடா பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) கிடைக்குமா?

திருச்சிக்காரன்:
ஓட்டல் அறை சுத்தம் செய்யும் வேலை, ஊர் டொரண்டோ, எல்எம்ஐஏவோடு (வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி வாங்கும் அரசு அனுமதி) 14 லட்சம் என்கிறார் ஒரு ஏஜென்ட். ஒரு வருஷம் ஓட்டினால் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (புள்ளி வைத்துப் பிஆருக்கு ஆள் எடுக்கும் கனடா அரசு முறை) பிஆராம். நம்பலாமா?

ஸ்கார்பரோ குமார்:
காசைப் பத்திரமாக வையுங்கள் தம்பி. அந்த வேலையின் என்ஓசி எண் (கனடாவின் தொழில் வகைப்பாட்டு எண்) 65310, டீர் 5. டீர் என்பது 0 முதல் 5 வரையான வேலைத் தரப் படி; இது கடைசிப் படி. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் டீர் 3 வரை உள்ள அனுபவம்தான் எடுபடும். பத்து வருஷம் கூட்டித் துடைத்தாலும் இது கணக்கில் வராது. கிழக்கு மாகாணங்களுக்கான அட்லாண்டிக் திட்டம்கூட டீர் 4 வரைதான்.

அப்புறம், 2024 செப்டம்பர் 26 முதல் வேலையின்மை 6 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பெருநகரங்களில் குறைந்த சம்பள எல்எம்ஐஏவைப் பரிசீலிப்பதே இல்லை. டொரண்டோ நிலவரம் ஊருக்கே தெரியும்.

வின்னிபெக் செல்வி:
அண்ணா, பாதியைத்தான் சொல்கிறீர்கள். அதே விதியில் மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் விலக்கு உண்டு. அங்கே தரை துடைக்க ஆள் வேண்டாமா? எங்கள் மானிடோபா மாகாணத்தில் ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் முழுநேரமாக வேலை பார்த்து, அவர் நீண்டகால வேலையும் கொடுத்தால் மாகாண நாமினேஷனுக்கு (பிஆருக்கு மாகாணமே பரிந்துரைப்பது) முயலலாம். நானும் கிளீனர்தான். 2021இல் அத்தியாவசிய வேலைக்காரர்களுக்கு 30,000 இடம் ஒதுக்கினார்களே, அதில் பிஆர் வாங்கினேன்.

ஸ்கார்பரோ குமார்:
அது அந்த வருஷம் நவம்பரோடு முடிந்த கதை, தங்கச்சி. இப்போது குறைந்த சம்பள எல்எம்ஐஏவுக்கு ஒரு வருஷம்தான் அனுமதி. ஆறு மாதம் வேலையிலேயே போய்விடும். மீதி ஆறில் மாகாணம் கூப்பிட வேண்டும், நாமினேஷன் வர வேண்டும். முதலாளி மனம் மாறினால்? பெர்மிட் அவர் பெயரோடு கட்டியது.

ஓட்டல்காரன்:
சூப்பர்வைசராக உயர்ந்தால்? கிளீனிங் சூப்பர்வைசர் 62024, டீர் 2. எங்கள் ஓட்டலில் ஒருவர் அப்படித்தான் அனுபவம் சேர்த்தார்.

ஸ்கார்பரோ குமார்:
உண்மையிலேயே ஆட்களை மேய்த்தால் சரி. கடிதத்தில் சூப்பர்வைசர், கையில் மாப்பு என்றால் விண்ணப்பம் தள்ளுபடிதான். அதற்கு மேல், பெர்மிட்டில் உள்ள வேலையே மாறுகிறது. புதுப் பெர்மிட் வேண்டும்.

திருச்சிக்காரன்:
மனைவிக்கு ஓப்பன் பெர்மிட் (எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கும் அனுமதி) கிடைக்குமா?

வின்னிபெக் செல்வி:
கிடைக்காது. 2025 ஜனவரி 21 முதல் கிளீனரின் துணைக்கு இல்லை. இதில் குமார் அண்ணா பக்கம்தான் நான். இன்னொன்று, எல்எம்ஐஏவுக்கான 1,000 டாலர் கட்டணம் முதலாளி கட்ட வேண்டியது. அதைத் தொழிலாளியிடம் வசூலிப்பது சட்டவிரோதம். 14 லட்சம் எதற்கு என்று கேளுங்கள். ஓட்டல் பெயரையும் கேளுங்கள்.

திருச்சிக்காரன்:
கேட்டுவிட்டேன் அக்கா. பாதிப் பணம் கட்டினால்தான் ஓட்டல் பெயரே சொல்வாராம்.