ஊராட்சி அலுவலகம் வரை வந்த இணையம் வீடுகளுக்கு எப்போது வரும்?

கேள்வி: ஏரிக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வட்டாரத் தலைமையிடத்திலிருந்து வெகுவாக உள்ளடங்கியது. ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுவரும் ஒன்றிய அரசின் பாரத்நெட் திட்டத்தின் கண்ணாடி இழை, மின்கம்பங்கள் வழியாக வந்து ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டப்பட்ட இரும்புப் பெட்டிக்குள் முடிகிறது. முதலில் சிறிது காலம் நன்றாக இயங்கியது. இப்போது உள்ளே இருக்கும் மோடத்தில் சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னுகிறது. யாரிடம் சொல்வது என்று ஊராட்சிச் செயலருக்கும் தெரியவில்லை. நியாயவிலைக் கடையில் முதியவர்கள் விரல்ரேகை வைத்துவிட்டு, கருவிக்குச் சிக்னல் வரும்வரை காத்து நிற்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் விண்ணப்பம் அனுப்பப் பேருந்து ஏறி நகரத்துக்குப் போகிறார்கள். பழுதைச் சரிசெய்ய வைப்பது எப்படி என்பதையும், அந்தப் பெட்டியிலிருந்து தெருக்களுக்கும் வீடுகளுக்கும் இணைப்பைக் கொண்டுசெல்ல என்ன வழி என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: இழைப்பணியாளர்

நண்பருக்கு வணக்கம். நான் ஃபைபர் இணைப்பு வேலை செய்பவன். நீங்கள் சொன்ன சிவப்பு விளக்கே பாதி விவரத்தைச் சொல்லிவிடுகிறது. மின்சாரம் இல்லையென்றால் எந்த விளக்குமே எரியாது. சிவப்பு மின்னுகிறது என்றால் மோடத்துக்கு மின்சாரம் இருக்கிறது, ஆனால் இழை வழியே வரவேண்டிய ஒளி வரவில்லை என்று பொருள். ஆகவே வட்டார அலுவலகத்துக்கும் உங்கள் ஊருக்கும் இடையில் எங்கோ வடம் அறுந்திருக்கிறது, அல்லது கம்பத்தில் இருக்கும் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி இழை கெட்டிருக்கிறது. ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டர் வைத்துப் பார்த்தால், மைனஸ் 27 டிபிஎம் (அந்த வலிமைக்கான அலகு) என்ற அளவுக்குக் கீழே போன ஒளியைக் கொண்டு மோடம் ஒழுங்காக இயங்காது.

மின்கம்பத்தில் கட்டிய வடம் அறுவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. மின்கம்பிக்கு இடைஞ்சலான கிளையை வெட்டும்போது அது வடத்தின் மேல் விழுகிறது. உயரமாகக் கரும்பு ஏற்றிய லாரி இழுத்துக்கொண்டு போகிறது. மண்ணுக்கடியில் போட்ட வடத்துக்குக் குடிநீர்க் குழாய் தோண்டும் ஜேசிபிதான் எமன். தோண்டுவதற்கு முன் தகவல் கொடுப்பதற்காகவே 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு ஒரு செயலியைக் கொண்டுவந்தது. கிராமத்தில் தோண்டும் ஒப்பந்ததாரர்களில் அதைப் பயன்படுத்தும் ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அறுந்த இடம் தெரிந்துவிட்டால் இழையை உருக்கி ஒட்டுவது பெரிய வேலையே அல்ல. அறுந்திருக்கிறது என்ற செய்தி உரியவரிடம் போய்ச் சேர்வதில்தான் வாரக்கணக்கில் நாள் ஓடிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடக்கக் காலத்துப் பாரத்நெட் தடங்களில் பெரும்பாலானவை நேர்கோட்டில் போனவை. ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் துண்டிக்கப்படும். 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட திட்டத்தில், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாக இணைப்பு வரும்படி வளைய அமைப்பை வைத்திருக்கிறார்கள். பராமரிப்புக்கும் தொடர்ந்து பணம் ஒதுக்குகிறார்கள். வடத்தைப் போட்டால் வேலை முடிந்தது என்று இருந்த காலத்தில் நடந்த வீணடிப்பைக் கண்ணால் கண்டவன் என்பதால், அந்த ஒதுக்கீட்டைத்தான் நான் முக்கியமானதாக நினைக்கிறேன்.

பதில் 2: கேபிள் தொழில்

வீடுகளுக்குக் கொண்டுபோவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஊராட்சி வரை அரசு கொண்டுவரும், அங்கிருந்து யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்றே திட்டம் தொடக்கத்தில் எழுதப்பட்டது. வீடுகள் நெருங்கிய ஊரில் அந்த யாராவது கிடைத்துவிடுவார். தோட்டத்துக்கு ஒரு வீடு என்று சிதறிக் கிடக்கும் ஊரில், ஓர் இணைப்புக்காக அரை கிலோமீட்டர் வடம் இழுத்தால் அந்தச் செலவை மாதக் கட்டணத்தில் மீட்க வருடங்கள் ஆகும். அதனால்தான் தனியார் வருவதில்லை.

உங்கள் ஊரில் கேபிள் டிவி நடத்துபவர் இருந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள். அவரிடம் கம்பங்களும் ஆட்களும் உண்டு. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். உரிமம் பெற்ற இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் முகவராக அவர் ஆகிவிட்டால், மொத்தமாக இணைய இணைப்பைப் பெற்று வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். இணைப்பு வாங்கத் தயாராக இருக்கும் குடும்பங்களின் பட்டியலைத் தெருவாரியாக முன்கூட்டியே எழுதி அவர் கையில் கொடுத்தால் அவருக்கும் துணிவு வரும்.

பதில் 3: கிராமசபை

மேலே இருவர் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் கேபிள்காரர் தலையில் வைத்துவிட்டு ஊராட்சி ஒதுங்கிக்கொள்வது சரியல்ல. இந்தத் திட்டத்துக்கான பணம் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து தனியாக வசூலிக்கப்பட்டு, 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பின் டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாறிய நிதியத்தில் சேர்வது. முடிவாகப் பார்த்தால் நாம் ஒவ்வொருவரும் கைப்பேசிக்குக் கட்டிய காசு. அதைக் கேட்டுப் பெறுவதில் தயக்கம் வேண்டாம்.

தமிழ்நாட்டில் பாரத்நெட்டின் இரண்டாம் கட்டத்தை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் 12,525 ஊராட்சிகளுக்காக மேற்கொண்டது. ஆகவே முறையீட்டை எழுத்து வடிவில் அந்நிறுவனத்துக்கும், நகலை மாவட்ட ஆட்சியருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் அனுப்புங்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணையும் விளக்குகள் எரியும் நிலையைக் காட்டும் படத்தையும் சேர்த்துவிடுங்கள். அந்த எண் இல்லாத புகாரை எந்த ஊராட்சி என்று தேடுவதிலேயே காலம் போய்விடும். அடுத்த கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். பழுது ஏற்பட்டால் எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று பராமரிப்பு ஒப்பந்தம் சொல்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள்; 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

வரிசையாக வீடுகளுக்குக் கொடுக்கும் முன்னால் பள்ளி, நூலகம், துணைச் சுகாதார நிலையம், நியாயவிலைக் கடை ஆகிய நான்குக்கும் இணைப்பு வாங்கிவிடுங்கள் என்பது என் கருத்து. மாதக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுக்காரருக்கு அங்கேதான் இணையம் கிடைக்கும்.

கேட்டவர்: ஏரிக்கரையான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று அலுவலகத்துக்குப் போய்ப் பெட்டியின் எண்ணையும் விளக்கையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஏரியை ஒட்டிய சாலையில் ஒரு கம்பத்திலிருந்து கறுப்பு வடம் அறுந்து தரைவரை தொங்குவதையும் பார்த்தோம்; அதன் படத்தையும் கம்ப எண்ணையும் முறையீட்டில் சேர்க்கிறேன். தெருவாரிப் பட்டியலை எடுக்க மகளிர் குழுவினர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இழைப்பணியாளர் ஐயாவிடம் ஒரு விளக்கம் மட்டும் வேண்டும்: தொங்கும் முனையில் மழைநீர் புகாமல் இருக்க நாங்களே ஏதாவது கட்டிவைக்கலாமா, அல்லது ஆள் வரும்வரை தொடாமல் விடுவதே நல்லதா?

பதில்: இழைப்பணியாளர்

தொடாதீர்கள். மின்கம்பத்தில் இருக்கும் எதையும் மின்வாரிய ஆள் இல்லாமல் தொடக்கூடாது; உடைந்த இழைத் துணுக்கு கண்ணுக்குத் தெரியாமல் தோலில் ஏறிவிடும். குழந்தைகள் பக்கத்தில் போகாதபடி முள்ளை வெட்டிப் போட்டு, மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் இன்றே சொல்லிவிடுங்கள்.