ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளைகளுக்கு கேம் செய்யச் சொல்லிக்கொடுத்தால் அது கம்ப்யூட்டர் பாடமா?

வியாசை மாலை வகுப்பு:
எங்கள் தெரு மாலை வகுப்புக்கு ஒரு கம்பெனி வேண்டாமென்று ஒதுக்கிய டெஸ்க்டாப்கள் எட்டு வந்திருக்கின்றன. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஸ்க்ராட்ச் (கட்டளை எழுதிய பிளாக்குகளை மவுஸால் இழுத்து அடுக்கி நிரல் செய்யும் மென்பொருள்) சொல்லிக்கொடுத்து, அவர்களே கேம் செய்யும்படி விடலாம் என்று இருக்கிறேன். இலவசம்தான், ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். பெற்றோரிடம் சொன்னேன், பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். இங்கே இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கொருக்குப்பேட்டை அப்பா:
நானும் முகம் சுளிக்கும் கட்சிதான் சார். என் பையன் ஏழாவது. போனை அவன் கையிலிருந்து வாங்குவதற்குள் வீட்டில் ஒரு யுத்தமே நடக்கிறது. வகுப்பிலும் கேம் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? டைப்பிங் சொல்லிக்கொடுங்கள். கணக்கு அட்டவணை போடும் கால்க் சொல்லிக்கொடுங்கள், எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே லிப்ரே ஆபீஸ் கால்க் இருக்கிறது. நாளைக்கு ஹார்பர் பக்கம் ஏதாவது சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்கு நிலையம்) ஆபீஸில் உட்காரவாவது உதவும்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
விளையாடுவது வேறு, செய்வது வேறு சார். நான் முதலில் கொடுப்பது ரோட்டைக் கடக்கும் கேம். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு ஆள் அந்தப் பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான். நம் பிள்ளைகளுக்கு விதியை விளக்கவே தேவையில்லை. (1981இல் கொனாமி கம்பெனி கொண்டுவந்த ஃப்ராகர் கேமும் இதேதான், அங்கே தவளை.)

ஸ்க்ராட்ச் மேடையில், அதாவது கேம் ஓடும் திரையில், இட வலமாக அளப்பது x, மேல் கீழாக அளப்பது y. x-க்கு நடுப்புள்ளி 0. இடது ஓரம் -240, வலது ஓரம் 240. லாரி இடப்பக்கம் நகர x மதிப்பை -5 ஆல் மாற்ற வேண்டும். குறை எண் எதற்கு என்று ஆறாவது பையன் அங்கேயே பிடித்துக்கொள்கிறான். இந்த x, y கணக்கான ஆயத்தொலை வடிவியல் ஒன்பதாவதில்தான் தனிப் பாடமாக வருகிறது.

அப்புறம் ஆளுக்கு மூன்று உயிர் வைப்பார்கள். லாரி ஒரே ஒருமுறை இடித்ததும் மூன்றும் போய், -15, -20 என்று இறங்கிக்கொண்டே இருக்கும். வகுப்பே கத்தும். காரணம், கேமுக்குள் சொன்னதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டு நிற்காமல் ஓடும் சுழற்சி ஒன்று நொடிக்குச் சுமார் 30 தடவை ‘லாரி தொடுகிறதா?’ என்று கேட்கிறது. தொட்டுக்கொண்டிருக்கும் வரை ஒவ்வொரு தடவையும் ஓர் உயிரைக் கழிக்கிறது. கொஞ்ச நேரம் முட்டி மோதி, ‘இடித்தவுடன் ஆளைப் புறப்பட்ட இடத்துக்கே அனுப்பு’ என்று அவர்களே சேர்ப்பார்கள். சுழற்சி, நிபந்தனை (‘தொட்டால்’ என்பது), மாறி (உயிர்க் கணக்கு மாதிரி மாறும் மதிப்பு) என்று போர்டில் வரையறை எழுதிப்போட்டு இதைப் புரியவைக்க என்னால் முடிந்ததில்லை.

பழைய வண்ணை கோடர்:
டீச்சர் சொல்வது துறுதுறுப்பான இரண்டு பேருக்கு நடக்கும். மற்றவர்களுக்கு லாரிக்குப் பெயின்ட் அடிப்பதிலேயே சனிக்கிழமை போய்விடும். நான் உதவிக்குப் போன ஒரு வகுப்பில் ஒரு பையன் கேரம் செய்ய வேண்டும் என்றான். நம் ஏரியாவில் வேறென்ன கேட்பான்! ஸ்ட்ரைக்கர் கட்டையில் பட்டுத் திரும்புவது சுலபம்: பக்கக் கட்டை என்றால் x வேகத்தின் குறியை மாற்று, மேல் கீழ் என்றால் y வேகத்தின் குறியை மாற்று. உராய்வுக்கு ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தை 0.97ஆல் பெருக்கு. ஆனால் காய்மேல் காய் பட்டால் எது எந்தக் கோணத்தில் போகும்? அதற்கு முக்கோணவியல் வேண்டும், பையன் ஏழாவது. யூடியூபைப் பார்த்து பிளாக்குகளை அப்படியே அடுக்கினான். கேம் ஓடியது, எல்லாரும் கைதட்டினார்கள். எந்த பிளாக் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

எழுத்தில் தட்டும் நிரல் மொழிகளான சி பிளஸ் பிளஸ் பதினொன்றிலும், பைத்தான் பன்னிரண்டிலும் வரப்போகிறது. நேரே பைத்தானில் ஆரம்பியுங்கள்.

ராயபுரம் அக்கா:
ஏன் கேம்தான் என்று அடம்? அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கெயிட்லின் கெல்லஹர் 2006இல் முடித்த ஆய்வு இதே வயதுப் பெண் பிள்ளைகளை வைத்துத்தான். ‘ஸ்டோரிடெல்லிங் ஆலிஸ்’ என்று, கதை சொல்லவே நிரல் எழுதும்படி ஒரு மென்பொருள் செய்தார். கதை வசதிகள் சேர்க்காத சாதாரண ஆலிஸ் மென்பொருள் கிடைத்தவர்களைவிட அதில் உட்கார்ந்த பெண்கள் நிரல் எழுதுவதில் அதிக நேரம் செலவிட்டார்கள். லாரியும் கேரமும் மட்டும் வைத்தால் பையன்கள்தான் மவுஸைப் பிடித்துக்கொள்வார்கள், தங்கச்சிங்க பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
அக்கா சொல்வதை முழுசாக ஏற்கிறேன். கதை செய்கிறேன் என்பவர்கள் கதை செய்யட்டும், உள்ளே இருக்கும் சுழற்சியும் நிபந்தனையும் ஒன்றுதான்.

கோடர் தம்பி, அந்தப் பையனிடம் கேரமை முதல் கேமாக விட்டதுதான் கோளாறு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாண்டர் ரெபெனிங் குழு நடுநிலைப் பள்ளிகளுக்குப் போட்ட திட்டம் ஃப்ராகரில்தான் தொடங்குகிறது. மோதல், புதிதாக ஒன்றை உண்டாக்குவது, மறையச் செய்வது என்று அதில் பழகியதை வைத்துப் பின்னால் நோய் பரவுவது, காட்டுத்தீ பரவுவது போன்றவற்றைச் செய்யவைக்கிறார்கள். வரிசை முக்கியம். காப்பி அடித்தானா என்று பார்க்க நான் பரீட்சை வைப்பதில்லை. ‘இப்போது ஒரு லாரி எதிர்த்திசையில் வரட்டும், என் முன்னாலேயே மாற்று’ என்பேன். அடுக்கியவன் மாட்டிக்கொள்வான்.

நேரே பைத்தானா? எழுத்தைத் தேடித்தேடித் தட்டும் பிள்ளை ஒரு முக்காற்புள்ளியை (:) விட்டுவிட்டு ஒரு மணி நேரம் பிழை என்று வரும் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

பழைய வண்ணை கோடர்:
எதிர்த்திசை லாரி நல்ல சோதனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எட்டாவது முடிவதற்குள் ஒரு கேமையாவது பைத்தானில் திரும்ப எழுதவைக்காவிட்டால் பிளாக்கோடே நின்றுவிடுவார்கள். இதில் நான் இறங்கிவரப் போவதில்லை.

கொருக்குப்பேட்டை அப்பா:
சமச்சீர் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் புரட்டினேன், கடைசிப் பாடத்தில் ஸ்க்ராட்ச் இருக்கிறது. சரி, பாடத்தில் இருப்பதுதான் என்றால் அனுப்புகிறேன். அரை மணி நேரமாவது டைப்பிங் வேண்டும், போன் உள்ளே வரக்கூடாது.

வியாசை மாலை வகுப்பு:
இரண்டுக்கும் சரி அண்ணே. ஒரு மெஷினுக்கு இரண்டு பேர், மவுஸ் கால் மணிக்கு ஒருமுறை கை மாறும். காலையில் கிரவுண்டில் ஃபுட்பால் கோச்சிங் இருக்கிறது, ஒரு பிள்ளையும் வராது. அதனால் சாயங்காலம் நாலு மணி.