32 பிட் இன்ஸ்டாலர் ஒன்றே போதும் என்பவருக்கு

குழித்துறைக்காரன்:
நேற்று இங்கே ஒரு மேதாவி எழுதியிருந்தார்: மென்பொருளை நிறுவித் தரும் இன்ஸ்டாலரைப் பழைய 32 பிட் வகையில் ஒன்று செய்தால் எல்லா விண்டோஸிலும் ஓடும், இன்றைய 64 பிட்டுக்கும் ஏஆர்எம் என்ற வேறு வகைப் பிராசஸருக்கும் தனித்தனியாகச் செய்கிறவர்கள் வேலை இல்லாதவர்கள் என்று. தோவாளைப் பூக்கடையில் அவர் நிறுவிய பில் மென்பொருளின் லட்சணத்தை நான்தான் போய்ப் பார்த்தேன். மென்பொருள் 64 பிட். தராசிலிருந்து எடையை வாங்கும் டிஎல்எல் என்ற துணைக் கோப்பும் 64 பிட். இன்ஸ்டாலர் மட்டும் 32. டிஎல்எல்லை விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் வைக்கச் சொன்னால், விண்டோஸ் அதை சத்தமில்லாமல் 32 பிட் கோப்புகளுக்கான சிஸ்வாவ்64 கோப்புறையில் கொண்டு போட்டுவிட்டது. 64 பிட் மென்பொருள் அங்கே தேடாது. பிச்சிப்பூ மூட்டை தராசில் இருக்கிறது, திரையில் எடை பூஜ்யம்.

வடசேரி வாசி:
அந்த மேதாவி நான்தான். நேரடியாகச் சொல்லத் துணிவில்லையா? டிஎல்எல் சிஸ்டம்32-இல்தான் இருந்தது. கண்ணால் பார்த்தேன்.

குழித்துறைக்காரன்:
எதில் பார்த்தீர்கள்? பென்டிரைவில் தூக்கிக்கொண்டு திரிகிறீர்களே, அந்தப் பழைய கோப்பு மேலாளரிலா? அதுவும் 32 பிட். அது சிஸ்டம்32-ஐத் திறந்தால் விண்டோஸ் காட்டுவது சிஸ்வாவ்64-ஐ. உண்மையான கோப்புறையை அது பார்க்க வேண்டுமென்றால் சிஸ்நேட்டிவ் என்ற மாற்றுப் பெயர் வழியாகத்தான் போக வேண்டும்.

வடசேரி வாசி:
64 என்று பெயர் வைத்த கோப்புறையில் 32 பிட் கோப்புகள், 32 என்று பெயர் வைத்ததில் 64 பிட் கோப்புகளா? இதை நம்பச் சொல்கிறீர்களா?

குழித்துறைக்காரன்:
நீங்கள் நம்பாவிட்டாலும் அப்படித்தான். இன்ஸ்டாலர் செய்யும் இன்னோ செட்டப்பில் 64 பிட் முறையில் நிறுவு என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்திருக்கும். அந்த ஒரு வரிக்கு உங்களுக்குக் கை வரவில்லை.

தக்கலை ஆசிரியர்:
இருவரும் பொறுமையாகப் பேசலாமே. டெபியன் லினக்ஸில் இந்தக் குழப்பம் இல்லை. சாதாரண 64 பிட்டுக்கு ஏஎம்டி64, ஏஆர்எம்முக்கு ஏஆர்எம்64 என்று நிறுவும் பொதிகளே தனித்தனி. மேக்கில் 2020-இல் எம்1 என்ற ஏஆர்எம் சிப் வந்தபோது, பழைய சிப்புக்கும் புதியதுக்குமான இரண்டு வகை நிரலையும் ஒரே கோப்பில் அடைத்துத் தந்தார்கள்.

வடசேரி வாசி:
பூக்கடைக்காரர் மேக் வாங்குவாரா சார்? வகுப்பை வகுப்பறையில் எடுங்கள்.

தக்கலை ஆசிரியர்:
மரியாதை கொடுத்துப் பழகுங்கள் தம்பி. உங்கள் அண்ணனுக்கே பாடம் எடுத்தவன் நான்.

குலசேகரம் ரப்பர்:
எனக்கு ஒரு சந்தேகம். மகன் துபாயிலிருந்து ஏஆர்எம் மடிக்கணினி அனுப்பியிருக்கிறான். விண்டோஸ் 11. பில் மென்பொருள் ஓடுகிறது, தராசுக் கேபிள் மட்டும் வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்?

குழித்துறைக்காரன்:
கேட்டீர்களா வடசேரி? மாவட்டத்தில் ஏஆர்எம் யாரிடம் இருக்கிறது என்று நேற்று கேலி செய்தீர்கள். அண்ணன் கையிலேயே இருக்கிறது. விண்டோஸ் 11 சாதாரண 64 பிட் மென்பொருளை ஏஆர்எம்மில் எமுலேஷனில், அதாவது பழைய பிராசஸர் போலப் பாவனை செய்து, ஓட்டிவிடும். கருவியை இயக்கும் டிரைவருக்கு அந்தச் சலுகை கிடையாது, அது ஏஆர்எம்64-க்கென்றே தயாரானதாக இருக்க வேண்டும். எந்தப் பிராசஸர் என்று இன்ஸ்டாலர் பார்த்து, அதற்குரிய டிரைவரை எடுத்து வைக்க வேண்டும். உங்கள் 32 பிட் மகாராஜா அதைப் பார்ப்பாரா?

வடசேரி வாசி:
கேபிளை மாற்றினால் போதும். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த நாள் முதல் அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

குழித்துறைக்காரன்:
பாலத்தை ஏன் இழுக்கிறீர்கள்? வடசேரி பஸ் நிலையத்துக்குள் ஒருமுறை நடந்துவிட்டு வந்து பேசுங்கள். டிஎல்எல் எங்கே இருந்தது? அதற்குப் பதில் வரவில்லை.

வடசேரி வாசி:
சிஸ்டம்32-இல்.

குழித்துறைக்காரன்:
சிஸ்வாவ்64-இல்.

குலசேகரம் ரப்பர்:
எந்தக் கேபிள் வாங்குவது என்று யாராவது சொல்லுங்களேன்.

வடசேரி வாசி:
அவரிடமே கேளுங்கள், எல்லாம் தெரிந்தவர். ஓணத்துக்கு முன்னால் என்னிடம் இரவல் வாங்கிய பார்கோடு பிரிண்டரைத் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

குழித்துறைக்காரன்:
அந்தப் பிரிண்டருக்கும் 64 பிட் டிரைவர் கிடையாது. வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.