நியூ வேகஸ் ஹார்ட்கோரில் பூனை எப்படிக் காப்பாற்றுவது?

மணல்மேடு:
தலைப்பைப் பார்த்து வளர்ப்புப் பிராணி என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது ஆட்டத்தில் நம்மோடு தோழனாக வரும் ஸ்னைப்பர் பூன்.

ஃபால்அவுட்: நியூ வேகஸ் 2010இல் வந்த வீடியோ ஆட்டம். நான் இப்போது இரண்டாவது தடவை ஆடுகிறேன், இம்முறை ஹார்ட்கோர் என்ற கடினமான முறையில். சாதாரண முறையில் நம்மோடு வரும் தோழர்கள் அடிபட்டு விழுந்தால் மயக்கம்தான், சண்டை முடிந்ததும் எழுந்துவிடுவார்கள். ஹார்ட்கோரில் விழுந்தால் போனதுதான்.

நேற்று டெத்கிளா என்ற கொடிய மிருகங்கள் திரியும் குவாரி ஜங்ஷனை ஓரமாகச் சுற்றிப் போய்விடலாம் என்று குனிந்தபடி நகர்ந்துகொண்டிருந்தேன். டெத்கிளா எதுவும் என்னைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒரு வெடிச்சத்தம். எங்கோ புள்ளியாகத் தெரிந்த ஒன்றைப் பூன் சுட்டுவிட்டான். நான்கு ஓடி வந்தன. நான் பாறைமேல் ஏறித் திரும்பிப் பார்த்தபோது தரையில் அந்தச் சிவப்புத் தொப்பி மட்டும்தான் கண்ணில் பட்டது. சேமித்து வைத்த இடத்திலிருந்து மூன்றாவது தடவையாக லோட் செய்கிறேன். கையில் இருந்ததிலேயே நல்ல கவசத்தை அவனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். இதற்கு மேல் என்ன செய்வது?

பழைய ரேடியோ:
கவசத்தில் பிரச்சினை இல்லை. சண்டையை ஆரம்பித்தது யார் என்று பாருங்கள். ஹார்ட்கோரில் என்னிடம் செத்த தோழர்களில் பாதிப்பேர் தாங்களாகப் போய் வம்பு இழுத்தவர்கள்தான்.

அவனிடம் பேசும்போது வருகிற கம்பானியன் வீலில் 'அக்ரெசிவ்' என்றிருப்பதை 'பாசிவ்' ஆக்குங்கள். அப்புறம் 'பக்கத்திலேயே இரு' என்பதையும் தேர்ந்தெடுங்கள். தூரத்தில் நின்றால் உங்கள் கண்ணுக்கே படாத இடத்தில் செத்துக் கிடப்பான். ஆபத்தான இடம் என்று தெரிந்தால் முன்கூட்டியே 'வெயிட்' சொல்லி நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். நான் கசடோர் என்ற விஷப் பூச்சிக் கூட்டம் இருக்கும் மலைப்பாதைகளில் யாரையும் கூட்டிப் போவதே இல்லை.

இன்னொன்று, ஸ்டிம்பேக் என்ற காயம் ஆற்றும் ஊசி. ஹார்ட்கோரில் அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேலை செய்யும். டெத்கிளா பக்கத்தில் வந்தபிறகு கொடுத்துப் பயன் இல்லை.

மணல்மேடு:
பாசிவ் என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரியும். அந்த வீலைப் பை திறக்க மட்டும்தான் பயன்படுத்தி வந்தேன், வெட்கம்தான்.

ஏழாம் கியர்:
ஹார்ட்கோரை அணைத்துவிட்டுக் கடந்து போய்விட்டு மறுபடி போட்டால் என்ன?

பழைய ரேடியோ:
ஒரு தடவை அணைத்தாலே, முழு ஆட்டத்தையும் ஹார்ட்கோரில் முடித்தால் கிடைக்கும் சாதனைப் பரிசு போய்விடும். பரிசு வேண்டாமென்றால் தாராளமாக.

தூசிப்புயல்:
கரிஸ்மா, அதாவது ஆளைக் கவரும் திறன், எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? எல்லோரும் அதை ஒரு புள்ளியில் விட்டுவிட்டு மீதியை மற்ற திறன்களில் போடுவார்கள். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு கரிஸ்மா புள்ளிக்கும் தோழர்களின் தாக்குதலும் கவசமும் 5 சதவீதம் கூடும். ஆறு இருந்தால் ஃபெரோஷியஸ் லாயல்டி என்ற பெர்க்கும் (கூடுதல் சிறப்புத் திறமை) எடுக்கலாம். உங்கள் உயிர் பாதிக்குக் கீழே போனதும் அவர்கள் இன்னும் உறுதியாகிவிடுவார்கள். நீங்கள் சாகக் கிடக்கும்போது அவர்களுக்கு வீரம் வருவது வேடிக்கைதான்.

குண்டு, டைனமைட் வீசும் பழக்கம் இருந்தால் உங்கள் அடி தோழர்களை அதிகம் பாதிக்காமல் செய்யும் ஸ்ப்ரே அண்ட் ப்ரே பெர்க்கும் எடுங்கள். என் தோழி வெரோனிகா எதிரி கையால் சாகவில்லை. குத்துச்சண்டைக்காரி, எதிரியோடு ஒட்டியே நிற்பாள். நான்தான் வீசினேன்.

மணல்மேடு:
கரிஸ்மா ஒன்று. கேட்காதீர்கள்.

சரி, இன்று மறுபடி போனேன். பூனைப் பாசிவில் போட்டு, பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நகர்ந்தேன். துப்பாக்கியைத் தொடவே இல்லை, தங்கமான பிள்ளை. பாதி தூரம் தாண்டியிருப்போம், தலைக்கு மேலே அந்தப் போர் இசை ஒலித்தது. சண்டைக்கு இறங்கும்போது இசை போடும் பறக்கும் ரோபோ எடியும் கூட வருகிறது என்பதை மறந்தே போனேன். ஒவ்வொருவருக்கும் வீல் தனித்தனி போலிருக்கிறது.

லோட் ஆகிக்கொண்டிருக்கிறது.